கட்டுத்தறியில் விட்டுப் போகாதீர்கள்



2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. விழுந்த தென்னைகளைப் பற்றி நாடே பேசியது. கோடியக்கரைக் காட்டில் வெளிமான்களும் புள்ளிமான்களும் மடிந்ததையும், கொட்டகை சரிந்து ஆடுமாடுகள் கட்டிய இடத்திலேயே உயிர்விட்டதையும் அவ்வளவாகப் பேசவில்லை. அதே ஆண்டு கேரள வெள்ளத்திலும் கட்டுத்தறியில் நின்ற கறவை மாடுகள் மூழ்கின.

மாட்டுக்கு நீந்தத் தெரியும். கயிறுதான் அதைக் கொல்கிறது. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஓட்டிக்கொண்டு போக முடிந்தால் மேட்டுக்கு ஓட்டிப் போங்கள். முடியாவிட்டால் கயிற்றை முழுதாகக் கழற்றிவிடுங்கள். தொங்கும் கயிறு முள்ளிலோ வேலியிலோ மாட்டிக்கொள்ளும்.

தண்ணீர் வடிந்த பிறகு இன்னொரு ஆபத்து இருக்கிறது. அது நம் இரக்கத்திலிருந்தே வருகிறது என்பதுதான் வேதனை. பட்டினியால் ஒட்டிக் கிடக்கும் மாட்டைப் பார்த்ததும், முகாமில் மிஞ்சிய சோற்றை அண்டா அண்டாவாகக் கொண்டுவந்து கொட்டுகிறோம். மாட்டின் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் புல்லையும் வைக்கோலையும் செரித்துப் பழகியவை. திடீரென்று சோறோ அரிசியோ நிறைய விழுந்தால் அது புளித்து அமிலமாகிவிடும். மாடு அசைபோடுவதை நிறுத்தும், வயிறு உப்பும், படுத்தால் எழாது. மாட்டுப் பொங்கலை ஒட்டி, பொங்கலை அளவின்றித் தின்ற மாடுகள் கால்நடை மருத்துவர்களிடம் வருவதும் இதே நோயோடுதான். வெள்ளத்தில் பிழைத்த மாட்டை நம் கையாலேயே சாகவிடலாமா?

முதலில் நல்ல தண்ணீர் காட்டுங்கள். பிறகு காய்ந்த வைக்கோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நனைந்து பூசணம் பிடித்த வைக்கோல் வேண்டவே வேண்டாம். உதவி செய்ய நினைக்கும் ஊர்க்காரர்கள் பிஸ்கட்டையும் ரொட்டியையும்விட ஒரு வண்டி வைக்கோல் அனுப்பினால் பெரும் புண்ணியம். ஈரத்தில் நின்ற மாடுகளுக்குத் தொண்டை அடைப்பான் நோய் தாக்கலாம். மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிடுவது நல்லது.

இறந்த கால்நடையை அவசரப்பட்டுப் புதைத்துவிடாமல், கால்நடை மருத்துவரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் உடனே சொல்லுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது தமிழக அரசு மாட்டுக்கு 37,500 ரூபாயும் ஆட்டுக்கு 4,000 ரூபாயும் நிவாரணம் அறிவித்தது. இறப்பு பதிவானால்தான் பணம் கைக்கு வரும். பிறகு கிணற்றுக்கும் குளத்துக்கும் தள்ளி, ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

அடிபட்ட மாட்டையோ ஆட்டையோ பார்த்தால், அது யாருடையது என்று விசாரித்து நிற்க வேண்டாம். 1962 என்ற எண்ணை அழையுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.