பத்துக்குப் பன்னிரண்டு அறையும் ஒரு கிருமியும்

(தோழர்கள் கூடிய நிகழ்வொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள். வங்கிக் கவுண்டரில் காசு எண்ணுகிறவன், பி.காம். படித்தவன், வயிற்றுப்புண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நீங்கள் நினைக்கலாம். நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்த வயிறு என்னுடையது. என் அப்பாவுடையதும்கூட.

அப்பாவுக்கு 1980களின் கடைசியில் குடல்புண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது. மேல்வயிற்றில் பூரான் படுத்திருக்கிற மாதிரி நெடுக ஒரு தழும்பு. "கருவாடு, காரம், கோபம் மூணையும் விட்டுடு. உங்க ஆளுங்க சாப்பாடே இப்படித்தான்" என்று அன்றைக்கு டாக்டர் சொன்னாராம். அதன் பிறகு எங்கள் வீட்டுக் குழம்புக்கு நிறமே இல்லை. தன் நாக்குதான் தன் வயிற்றைக் கெடுத்தது என்று நம்பிக்கொண்டே அப்பா செத்துப்போனார்.

போன வருஷம் எனக்கும் அதே எரிச்சல். ஜெலுசில் குடித்துக் குடித்து அலுத்துப்போய், கடைசியில் எண்டோஸ்கோப்பி எடுத்தேன். இரைப்பையிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளி மஞ்சள் ஜெல்லில் வைத்தார்கள். மஞ்சள் ரோஸாக மாறியது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்றார் டாக்டர். இரைப்பை அமிலத்தில் பெரும்பாலான கிருமிகள் பிழைக்காது. இந்தக் கிருமியோ யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கி, தன்னைச் சுற்றி அமிலத்தைத் தணித்துக்கொண்டு குடியிருக்கிறது. ஜெல்லின் நிறத்தை மாற்றுவதும் அந்த அம்மோனியாதான்.

1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இருவர் இதை வளர்த்துக் காட்டினார்கள். ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகளை வழக்கத்தைவிட அதிக நாள் விட்டுவைத்ததால்தான் அது முளைத்தது. யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். நோபல் பரிசு 2005இல்தான் வந்தது. காரம் எரிச்சலைக் கூட்டலாம், புண்ணை உண்டாக்குவதில்லை. கிருமிக்கு அடுத்த பெரிய காரணம், உடம்பு வலிக்குக் கடையில் வாங்கி முழுங்குகிறோமே, அந்த வலி மாத்திரை. மூட்டை தூக்குகிற தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உலக மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வயிற்றில் இது இருக்கிறது. நூற்றுக்கு 80 பேருக்கு மேல் தொந்தரவே தெரியாது. மற்றவர்களில் சிலருக்குப் புண், மிகச் சிலருக்குப் புற்றுநோய். இதைப் புற்றுநோய்க் காரணி என்று 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது.

யாருக்கு வருகிறது என்பதுதான் நமக்கான கேள்வி. டாக்டர் என்னிடம் கேட்டார்: "சின்ன வயசுல ஒரே ரூம்ல எத்தன பேர் படுத்தீங்க?" ஏழு பேர், சார். பத்துக்குப் பன்னிரண்டு. அதில் அடுப்பும் உண்டு. ஒரே பாய், ஒரே பானை, ஒரே சொம்பு. தம்பி வாந்தி எடுத்தால் என் சட்டையில்தான் விழும். குழாயோ காலனி முனையில், சாக்கடையை ஒட்டி. 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் இதைத்தான் சொல்கின்றன. நெருக்கமான வீட்டில் வளர்ந்தவர்கள், ஒரே படுக்கையைப் பகிர்ந்தவர்கள், வெந்நீர்க் குழாய் இல்லாத வீட்டுக்காரர்கள் ஆகியோருக்குப் பெரியவர்களான பின்னும் கிருமி அதிகம். பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டுக்குள்ளேயே, வாய்க்கு வாய், அல்லது மலத்திலிருந்து வாய்க்கு. மருந்து தராவிட்டால் ஆயுசுக்கும் கூடவே இருக்கும். வேலை கிடைத்து, டவுனில் ரெண்டு ரூம் வீடு எடுத்து, பேன்ட் சட்டை போட்டுக்கொண்டேன். என் இரைப்பை மட்டும் அந்தப் பத்துக்குப் பன்னிரண்டிலேயே கிடந்திருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இது நம் சேரி வியாதி என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நாமும் அவசரப்பட்டு அப்படி எழுதிவிடக் கூடாது. பெரு நாட்டின் லிமா நகரக் குழந்தைகளைப் பற்றி 1991இல் ஓர் ஆய்வு வெளியானது. நகராட்சித் தண்ணீர் குடித்த வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு, கிணற்றுத் தண்ணீர் குடித்த வசதியான வீட்டுப் பிள்ளைகளைவிடத் தொற்று அதிகம். கெட்ட தண்ணீர் பங்களாவுக்கும் போகிறது. ஜப்பானில் போருக்கு முன் பிறந்தவர்களிடம் இந்தக் கிருமி மிக அதிகம். பின்னால் பிறந்த ஒவ்வொரு தலைமுறையிலும் குறைந்துகொண்டே வந்தது. அங்கே குழாயும் கழிவுநீர் வசதியும் வீடும் மாறின. அதற்காக யாரும் மிளகாயை விடவில்லை.

நமக்குத் தனி டம்ளர் கொடுத்தவன் கிருமிக்குப் பயந்து கொடுக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. மலத்திலிருந்து வாய்க்கு என்று மருத்துவப் புத்தகம் எழுதுகிற பாதையை அங்கே மனிதக் கை போட்டுக் கொடுத்தது. அதைத் தீட்டு, அவமானம் என்று மட்டும் பேசினோம். குழந்தைகளின் குடல் என்று போதுமான அளவு பேசினோமா? எனக்குச் சந்தேகம்.

எனக்கு 14 நாள் மருந்து. இரண்டு ஆன்டிபயாட்டிக், ஒரு அமில மாத்திரை. வாயெல்லாம் தகரத்தை நக்கிய மாதிரி கசப்பு. ஐந்தாம் நாள் எரிச்சல் நின்றதும் நிறுத்திவிடலாம் போலிருந்தது. நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். முடித்து ஒரு மாதம் கழித்துப் போயே தீரவில்லையா என்று மறுபடி சோதிக்க வேண்டும்.

சொல்லக் கூச்சமான ஒன்று மிச்சமிருக்கிறது. என் மகளுக்கு அம்மா சோற்றை மென்று ஊட்டும். எனக்கும் அப்படித்தான் ஊட்டியது. அதுவும் ஒரு வழி என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. பல் இல்லாத குழந்தைக்கு மிக்ஸி இல்லாத வீட்டில் அம்மா வேறென்ன செய்திருக்கும்? இப்போது மிக்ஸி இருக்கிறது. மென்று ஊட்ட வேண்டாம் என்று சொல்ல எனக்கு ரெண்டு வாரம் ஆனது. காரணத்தையும் சொன்னேன். அப்பாவுக்கும் பெரும்பாலும் இந்தக் கிருமிதான் இருந்திருக்கும், காரத்தால் வந்த புண் இல்லம்மா என்றேன்.

ஊட்டாதே என்றதற்கு அது கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு, "அப்ப அந்த மனுசனுக்கு இத்தன வருசம் ஒரப்பில்லாமயே ஊத்திப் போட்டேனேடா" என்றது.