சர்க்கரை இல்லாத கேக்கும் சரியான ரீடிங்கும்



இஞ்சினீயர் மேடையேறி கேக் செய்வதைப் பற்றிப் பேசுகிறானே என்று சிரிக்காதீர்கள். இதுவும் ஒரு டிசைன் கணக்குதான். எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. மகளுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. அப்பாவுக்கோ நீரிழிவு. இந்த மூன்று நிபந்தனைகளுக்கும் உட்பட்டு மகள் பிறந்த நாளுக்கு ஒரு கேக் வேண்டும்.

முதல் தடவை சீனிக்குப் பதிலாக 200 கிராம் வெல்லம் போட்டேன். "சீனியே இல்லப்பா, தைரியமா சாப்பிடுங்க" என்றேன். பிள்ளை சொல்கிறானே என்று நம்பி மூன்று துண்டு சாப்பிட்டார். இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் பார்த்தால் 300-ஐத் தாண்டியிருந்தது! "என்னடா இது?" என்று கேட்டார். எனக்குப் பேச்சே வரவில்லை.

வெல்லத்திலும் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். இது எனக்குத் தெரியாததல்ல. லேபில் ரீடிங் எடுக்காமலே ரெக்கார்டில் ரிசல்ட் எழுதுவோமே, அதே வேலையை அப்பாவின் தட்டில் செய்துவிட்டேன்.

பிறகு ஒழுங்காக ஆரம்பித்தேன். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். சீனி 200 கிராமிலிருந்து 150, அப்புறம் 100. அதற்குக் கீழே போனால் கேக் ரொட்டி மாதிரி ஆகிவிட்டது. காரணம், சீனி இனிப்புக்கு மட்டுமல்ல; ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, மென்மை தருகிறது, மேலே நிறமும் கொடுக்கிறது. குறைத்தால் இந்த வேலைகளுக்கும் ஆள் தேட வேண்டும்.

கடைசியில் நிலைத்த அளவு இது: கோதுமை மாவு 200 கிராம், சீனி 100 கிராம், எண்ணெய் 80 மி.லி., நன்கு பழுத்த வாழைப்பழம் 2. முட்டைக்குப் பதில் ஒரு மேஜைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் கொழகொழவென்று வரும். சமையல் சோடா ஒரு டீஸ்பூன். இட்லி மாவுப் பதத்துக்குத் தண்ணீர். வினிகர் ஒரு மேஜைக்கரண்டி, கடைசியில்தான். சோடாவும் வினிகரும் சேர்ந்ததும் கரியமில வாயு கிளம்பிவிடும். தாமதிக்காமல் 180 டிகிரி அடுப்பில் வைக்க வேண்டும். சுமார் 35 நிமிடம். அமெரிக்க வீடுகளில் பால், முட்டை, வெண்ணெய் இல்லாமல் இந்தச் சோடா-வினிகர் முறையில் கேக் செய்ததுண்டு.

பன்னிரண்டு துண்டு போட்டால் துண்டுக்கு 8 கிராம் சீனிதான் வரும். சேர்க்கும் இனிப்பை ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் வைப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. அது பொதுக் கணக்கு. நீரிழிவுக்காரருக்கு டாக்டர் சொல்வதே கணக்கு.

இம்முறை அப்பாவிடம், "துண்டுக்கு 8 கிராம் சீனிப்பா. பழத்தோட இனிப்பு தனி. மாவும் சர்க்கரையை ஏத்தும். அதனால ஒரு துண்டுதான்" என்றேன். ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, "இப்பத்தான்டா இஞ்சினீயர் மாதிரி பேசறே" என்றார்.

தம்பி தங்கைகளே, 'சர்க்கரை இல்லை' என்று எழுதிவிட்டால் சர்க்கரை போய்விடாது. முதலில் அளந்து பாருங்கள், பிறகு எழுதுங்கள். கேக்கானாலும் சரி, கான்கிரீட்டானாலும் சரி.