பழைய மோட்டார் சைக்கிளும் ஒயர் இணைப்பும்



சிலிம் ரிவர் தோட்டங்களில் ஓடும் பழைய ஹோண்டா கப்சாய்களில், மழைக் காலத்தில் விளக்கு திடீரென அணைவதுண்டு. பல்பைக் குறை சொல்கிறோம். குற்றம் பெரும்பாலும் நாம் முறுக்கி டேப் சுற்றிய ஒயரில்தான்.

இவற்றுள் பல 6 வோல்ட் வண்டிகள். 24 வாட் விளக்குக்கு 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் போதும்; 6 வோல்ட்டில் 4 ஆம்பியர் பாயவேண்டும். மின்னோட்டம் இரட்டித்தால், தளர்ந்த இணைப்பில் சூடு நான்கு மடங்காகும்.

ஆகவே, ஜப்பானிய வண்டிக்குரிய, ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் உருண்டை முனைகளைக் கேட்டு வாங்குவோம். பிரிட்டிஷ் வண்டியின் 4.7 மில்லிமீட்டர் முனை இதற்குப் பொருந்தாது. முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுவோம். முனையின் ஒரு மடிப்பு செம்பையும், மற்றொன்று மேலுறையையும் இறுகப் பிடிக்கட்டும். இழுத்துப் பார்ப்போம், கழன்று வரக்கூடாது.

விடியுமுன் வேலைக்குப் புறப்படும் அப்பாவுக்கு, எதிரே லாரி வரும்போது அந்த விளக்கு அணையக்கூடாது அல்லவா?