விலையும் சுவையும்: ஒரு சுருட்டைத் தரம் பார்த்தல்



இலக்கிய நிகழ்ச்சியில் சுருட்டுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். திறனாய்வு பற்றிப் பேசும்போது நாம் நூல்களையும் நாடகங்களையுமே உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். ஒரு பொருளைச் சுவைத்து, அதன் தரத்தை நிதானித்து, காரணங்களோடு தீர்ப்புச் சொல்வது எப்படி என்பதை வேறொரு துறையிலிருந்தும் கற்றுக்கொள்ளலாம் என்பது எனது எண்ணம். சுருட்டு நமக்கு அந்நியமான பொருளுமல்ல. ஆங்கிலேயர் வழங்கும் 'செரூட்' என்ற சொல்லே நமது 'சுருட்டு' என்பதிலிருந்து பிறந்ததுதான். யாழ்ப்பாணத்தவர் சுருட்டுக் கடை வைத்துத் தென்னிலங்கையெங்கும் வியாபாரம் செய்த கதையும் உங்களுக்குத் தெரியும்.

ஆனால், நான் இன்று எடுத்துக்கொள்வது நிக்கரகுவா நாட்டுச் சுருட்டு. 1959இல் நடந்த கியூபாப் புரட்சியின் பின்னர் அந்நாட்டுப் புகையிலைச் செய்கையாளர் பலர் வெளியேறினர். 1962இல் அமெரிக்கா கியூபாவின் மீது வர்த்தகத் தடை விதித்தது. வெளியேறியவர்களின் அனுபவமும் கியூபா விதைகளும் டொமினிக்கன் குடியரசு, ஹொண்டுராஸ், நிக்கரகுவா ஆகிய நாடுகளில் வேரூன்றின. நிக்கரகுவாவின் எஸ்தெலி நகரம் இன்று இத்தொழிலின் பெரிய நிலையங்களுள் ஒன்று. கனடாவில் வாழும் நண்பர் ஒருவர் அங்கு சுற்றப்பட்ட சுருட்டுகள் ஐந்தை எனக்குக் கொண்டுவந்து தந்தார். உயர் ரகம், ஆனால் விலை குறைவு. "இது உண்மையாகவே நல்ல சுருட்டா, அல்லது மலிவு என்பதால் நல்லதுபோலத் தோன்றுகிறதா?" என்பது அவரது கேள்வி.

உயர் ரகம் என்பதற்குத் தொழிலில் ஒரு பொருள் உண்டு. சுருட்டு முழுவதும் கையாற் சுற்றப்பட்டிருக்க வேண்டும். உள்ளே இருப்பது வெட்டுத் தூளாக இல்லாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீளும் முழு இலையாக இருக்க வேண்டும். உள்ளிலை, அதைக் கட்டும் இலை, மேலிலை என மூன்று பகுதிகள். செடியின் உச்சியில் வெயிலை நன்றாக வாங்கிய இலை தடித்தது, காரமானது, மெதுவாக எரிவது. அது நடுவில் வைக்கப்படும். அடியிலை சாந்தமானது, இலகுவில் எரிவது. இவற்றை என்ன அளவில் சேர்ப்பது என்பதிலேதான் சுற்றுபவரின் திறமையும் கலப்பவரின் அறிவும் இருக்கின்றன.

அப்படியானால் விலை எங்கே குறைகிறது? பெரும்பாலும் மேலிலையில். மாசு மறுவற்ற மேலிலைதான் ஒரு சுருட்டில் ஆகப் பெறுமதியான இலை. நரம்பு சற்றுத் துருத்திய, நிறம் ஒருசீராக இல்லாத இலையைப் போர்த்தினால் செலவு குறையும். மரப்பெட்டியைத் தவிர்த்துக் கட்டாகக் கட்டினாலும் குறையும். இவை சுவையை அதிகம் பாதிப்பதில்லை. ஆனால், இலையைப் போதிய காலம் குவித்துப் புளிக்க வைக்காமல், முதிர விடாமல் அவசரப்பட்டால், அந்தச் சிக்கனம் நாக்கில் தெரிந்துவிடும். எதில் சிக்கனம் பிடித்தார்கள் என்று கண்டறிவதே தரம் பார்ப்பவரின் முதல் வேலை.

நான் மூன்று விதிகளைக் கைக்கொண்டேன். முதலாவது, பெயர் தாங்கிய காகித வளையங்களைக் கழற்றிவிடுவது. இரண்டாவது, பயணத்தில் வந்த சுருட்டை உடனே பற்றவைக்காமல் அளவான ஈரப்பதத்தில் சில வாரம் வைத்திருப்பது. மூன்றாவது, ஒன்றைக் கொண்டு தீர்ப்புச் சொல்லாமல், வெவ்வேறு நாட்களில் மூன்றையாவது பார்ப்பது.

முதலில் விரல்களால் முழு நீளத்தையும் தடவினேன். மெத்தென்ற இடம் இருந்தால் இலை போதவில்லை. முடிச்சுப்போலக் கடினமாக இருந்தால் புகை வராது. நுனியை வெட்டி, நெருப்பில்லாமலே ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். காய்ந்த வைக்கோலின் மணமும் மெல்லிய இனிப்பும் வந்தன. பற்றவைத்த பின் முதற் பகுதியில் மிளகுக் காரம் தூக்கலாக இருந்தது. நடுப்பகுதியில் அது தணிந்து, வறுத்த கோப்பிக் கொட்டையும் புதிதாகச் சீவிய பலகையும் நினைவுக்கு வந்தன. எங்கோ ஓரிடத்தில் பனங்கட்டி. கடைசிப் பகுதியில் கசப்பு மேலோங்கியது. சாம்பல் ஓர் அங்குலம் வரை உதிராமல் நின்றது. உள்ளே முழு இலைதான் என்பதற்கு அது ஓர் அடையாளம். மூன்றில் இரண்டு சீராக எரிந்தன. ஒன்று இறுகச் சுற்றப்பட்டிருந்ததால் இழுக்கச் சிரமமாயிருந்தது.

எனது தீர்ப்பு இதுதான்: நடுப்பகுதி நல்ல சுருட்டுக்குரியது. கடைசிப் பகுதி, இலை இன்னும் சில காலம் முதிர்ந்திருக்க வேண்டும் என்கிறது. சுற்றுவதில் கவனம் ஒருசீராக இல்லை. கொடுத்த விலைக்குத் தகும், ஆனால் மிக உயர்ந்த சுருட்டுகளின் வரிசையில் வைக்க முடியாது. இவ்விரு வசனங்களையும் தனித்தனியே சொல்ல வேண்டும் என்பதை நான் வற்புறுத்துவேன். பெறுமதி வேறு, தரம் வேறு. மலிவு என்பதால் இகழ்வது ஒரு பிழை. மலிவு என்பதால் குறைகளை மன்னித்துவிட்டு, பின்னர் அந்த மன்னிப்பையே பாராட்டாக எழுதிவிடுவது மற்றொரு பிழை. விலையும் தரத்துக்குச் சாட்சியல்ல. 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் சுருட்டு மோகம் பெருகியபோது, முதிராத இலையில் அவசரமாகச் சுற்றியவையும் நல்ல விலைக்குப் போயின.

நம்மிடையே வெளிவரும் நூல்களின் மதிப்புரைகளை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். சொந்தப் பணத்தில், சாதாரணத் தாளில், முந்நூறு பிரதி அச்சிட்ட இளம் எழுத்தாளரிடம் நாம் அனுதாபம் காட்டுகிறோம். அது நல்ல குணம். ஆனால், "இந்த வசதிக்குள் இது பெரிய முயற்சி" என்பதும் "இது நல்ல சிறுகதை" என்பதும் இரு வேறு வசனங்கள். முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதைச் சொன்னதுபோல் விட்டுவிட்டால், அந்த எழுத்தாளருக்கே நாம் அநியாயம் செய்கிறோம். எந்த இடத்தில் கசந்தது என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை.

சுருட்டுக்கும் எழுத்துக்கும் நேரடி உறவும் உண்டு. 1865இல் ஹவானாவின் எல் பிகாரோ தொழிற்சாலையில், தொழிலாளர் சுருட்டுச் சுற்றும்போது ஒருவர் உரத்து வாசிக்கும் வழக்கம் தொடங்கியது. வாசிப்பவருக்குரிய ஊதியத்தைத் தொழிலாளரே தம் கூலியிலிருந்து சேர்த்துக் கொடுத்தனர். மறு வருடமே காலனித்துவ அரசு அதைத் தடைசெய்தது. பின்னர் அது மீண்டும் தழைத்தது. காலையில் பத்திரிகை, பின்னர் நாவல். பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் டூமாவின் நாவலை ஒட்டி 'மொன்டே கிறிஸ்தோ' என்ற பெயர் 1935இல் ஒரு சுருட்டுக்கு வந்தது. அமெரிக்காவின் தம்பா நகரில் 1931இல் முதலாளிமார் வாசிப்பவர்களை அகற்றினர். அவர்களின் இடத்துக்கு வந்தது வானொலி. வானொலியில் பேசுகின்ற நான் இதைச் சற்றுக் கூச்சத்தோடுதான் சொல்கிறேன்.

இறுதியாக ஒன்று. தரம் பார்ப்பவர் பொருளின் முழு விலையையும் சொல்லக் கடமைப்பட்டவர். புகையை உள்ளிழுக்காமல் வாயில் மட்டும் வைத்திருந்தாலும் சுருட்டு வாயிலும் தொண்டையிலும் உணவுக் குழாயிலும் புற்றுநோயைக் கொண்டுவரும். ஈரமான பச்சை இலையைக் கையாளும் தோட்டத் தொழிலாளருக்குத் தோல் வழியே நிக்கொட்டின் ஏறி வாந்தியும் தலைச்சுற்றும் வருவதுண்டு. நமது நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடைசெய்ததும் காரணத்தோடுதான். அதனால்தான் சுருட்டின் பெயரை நான் சொல்லவில்லை. ஐந்தில் எஞ்சிய இரண்டையும் நான் பற்றவைக்கவில்லை. தீர்ப்புச் சொல்ல மூன்று போதும்.

நேயர்களே, ஒரு நூலை அடுத்த முறை கையிலெடுக்கும்போது, முதலில் அதன் மேலட்டையையும் விலையையும் ஆசிரியரின் பெயரையும் ஒருகணம் மறைத்துவிட்டுப் பத்துப் பக்கம் வாசித்துப் பாருங்கள். பின்னர் நாம் பேசலாம்.