மிளகாயும் புற்றுநோய் மருந்தும்

(அனந்தபுரத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கொல்லையில் நான்கு மிளகாய்ச் செடி வைப்பது நம் குடியானவர் வழக்கம். அந்தக் காயிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து காண விஞ்ஞானிகள் முயன்று வருகின்றனர். இதைக் கேள்வியுற்று, காரம் தின்றாலே புற்று கரைந்துவிடும் என நம்புவோரும் உளர். ஆகவே உண்மை நிலையை நாம் அறிந்திருத்தல் அவசியமாகும்.

மிளகாயின் காரம் பிறப்பது விதையில் அன்று. விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணிற நடுப்பகுதியிலேயாகும். அக்காரப் பொருளுக்குக் காப்சைசின் என்று பெயர். 2006-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், மனிதரின் புராஸ்டேட் சுரப்பிப் புற்றினை எலிகளின் உடலில் வளர்த்து, இப்பொருளைக் கொடுத்துப் பார்த்தனர். புற்று உயிரணுக்கள் பல தாமே மடிந்தன. மருந்து பெறாத எலிகளின் கட்டிகளோடு ஒப்பிட, இவற்றின் கட்டிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகவே இருந்தன. இது நம்பிக்கை ஊட்டும் செய்தியே. ஆயினும் எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்கும் என்று கொள்வதற்கில்லை. காப்சைசின் இன்று நரம்பு வலிக்கு மேற்பூச்சாகப் பயன்படுகிறதேயன்றி, புற்றுநோய் மருந்தாக அங்கீகாரம் பெறவில்லை.

செடி மருந்தாவது எங்ஙனம் என்பதற்கு நித்தியகல்யாணியே சான்று. 1958-இல் கனடா நாட்டின் நோபிள், பீர் என்னும் இருவர் அதிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்ததை அறிவித்தனர். அச்செடியிலேயே கிடைக்கும் வின்கிரிஸ்டின் குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு இன்றும் பயன்படுகிறது. நம் தென் மாவட்டங்களிலும் மருந்துக்காக இது பயிராகிறது. ஆனால் மூட்டை மூட்டையான இலையிலிருந்து கிடைப்பது மிகச் சிறிதளவே. அதை மருத்துவர் அளந்து ஊசி வழியே செலுத்துகிறார். அதே இலையைக் கஷாயமிட்டுக் குடித்தால் அது நஞ்சாகும்.

மிளகாய் மருந்தாகவில்லை எனினும் எச்சரிக்கை தரவல்லது. பாக்கும் புகையிலையும் மெல்லுவோர்க்கு, வழக்கமாக உண்ணும் காரமே வாயில் தாங்கொணா எரிச்சல் தருமாயின் கவனித்தல் வேண்டும். வாய் திறப்பது குறுகுதல், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண் ஆகியவையும் புற்றின் முன்னறிகுறியாக இருக்கலாம். அத்தகையோர் உடனே ஆரம்ப சுகாதார நிலையம் செல்லட்டும். மேற்சிகிச்சைக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் புதுவை ஜிப்மரும் உள்ளன. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் துணை நிற்கும்.

ஒரு நாள் கூலி போகுமே என்று அஞ்சியும், கைமருந்தை நம்பியும் மாதங்களைக் கழிப்பவர் உயிரையே பணயம் வைக்கின்றனர். களையை முளையிலேயே பிடுங்க வேண்டும் என்பதை விவசாயிக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வார்டில் ஆறாத வாய்ப்புண்ணுடன் இருப்போரை அறிந்து, துணைக்கு ஆள் சேர்த்து மருத்துவமனைக்கு அனுப்புவாராயின், அதுவே நம் ஊராட்சிகள் ஆற்றும் பெருந்தொண்டாகும்.