துயரத்திற்கு ஒரு துணை



இறப்பு நேர்ந்த இல்லத்திற்கு ஊரார் வந்து துக்கம் விசாரிப்பது நம்மிடையே தொன்றுதொட்டு வரும் வழக்கம். வருகின்றவர் யாவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "எப்படி நேர்ந்தது?" வீட்டாரும் அதே விவரத்தைப் பத்து முறை, இருபது முறை சொல்லுவார்கள், சொல்லுந்தோறும் அழுவார்கள். ஒப்பாரியும், பதினாறாம் நாள் காரியமும், ஆண்டுதோறும் வரும் திதியும் துயருற்றவருக்கு அழுவதற்கு நேரத்தையும், உடன் அழுவதற்கு மனிதரையும் அளித்தன.

பிழைப்பை நாடி வெளி மாநிலத்தில் குடியேறியவரின் நிலை வேறு. நாகபுரியில் வேலை பார்க்கும் ஒருவர், தாயார் காலமான செய்தியைத் தொலைபேசியில் கேட்டு, ரயிலேறி ஊர் போய்ச் சேருமுன் தகனம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விடுப்பு முடிந்து அவர் திரும்புகிறார். அலுவலகத்தில் இரண்டொருவர் அனுதாபம் தெரிவிக்கிறார்கள். மறுநாளே கோப்புகள் மேசைக்கு வந்துவிடுகின்றன. அண்டை வீட்டாரோ அந்த அம்மையாரை ஒரு நாளும் கண்டதில்லை. "எப்படி நேர்ந்தது?" என்று கேட்பார் எவருமில்லை. இத்தகையவருக்கு உளநல ஆலோசகர் எவ்விதம் துணை நிற்கிறார் என்பதையே இன்று கூற விரும்புகிறேன்.

ஆலோசகர் துக்கத்தைப் போக்கிவிடுபவர் அல்லர். "எல்லாம் விதி, மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்று அவர் உபதேசம் செய்வதுமில்லை. ஊரார் கேட்ட அதே கேள்வியைத்தான் அவரும் கேட்கிறார், அவசரமின்றிக் கேட்கிறார். விடை பாதியில் நின்றுவிட்டால் காத்திருக்கிறார்.

இம்முறைக்கு அறிவியல் அடிப்படை தேடியவர்களுள் எரிக் லிண்டமன் என்ற மருத்துவர் முதன்மையானவர். 1942 நவம்பர் 28 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு கேளிக்கை விடுதி தீப்பற்றி 492 பேர் மாண்டனர். அவ்விபத்தில் உற்றாரை இழந்தோர் உள்ளிட்ட 101 பேரை ஆராய்ந்து, 1944-இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். துக்கம் உடலையும் பற்றுகிறது என்று அவர் கண்டார். தொண்டை அடைக்கிறது, பெருமூச்சு எழுகிறது, வயிறு வெறுமையாய்த் தோன்றுகிறது. இருபது நிமிஷம் முதல் ஒரு மணி நேரம் வரை அலைபோல் வந்து, பிறகு தணிகிறது. இதனை அறியாதவர் தமக்கு இருதய நோய் வந்துவிட்டதோ என்று அஞ்சுவதுண்டு. (மருத்துவரிடம் காட்டி ஐயம் தீர்த்துக்கொள்வதும் நல்லதுதான்.)

துக்கத்திற்கு ஐந்து படிகள் உண்டென்று பலர் கேள்விப்பட்டிருக்கலாம். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அதனை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு உரையாடித்தான். பிரிந்தவரை எண்ணி வருந்துவோர் அனைவரும் அப்படிகளில் வரிசையாக ஏறியாக வேண்டும் என்று கொள்வது பொருந்தாது. "எனக்குக் கோபமே வரவில்லையே, ஏதேனும் குறையோ?" என்று ஒருவர் கவலைப்படத் தேவையில்லை.

எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றுவது வில்லியம் வொர்டன் என்னும் அறிஞரின் கருத்து. துயருற்றவர் செய்து முடிக்க வேண்டிய பணிகள் நான்கு என்று 1982-இல் அவர் எழுதினார். இழப்பு மெய்யென ஏற்றல், வலியை உணர்தல், இறந்தவர் இல்லாத உலகிற்குப் பழகுதல் ஆகியவை முதல் மூன்று. நான்காவதாக, இறந்தவர்மீது வைத்த பற்றை மீட்டு வேறிடத்தில் செலுத்த வேண்டும் என்றார். பிற்பாடு அவரே இதனைத் திருத்தினார். பற்றை அறுக்க வேண்டுவதில்லை. இறந்தவருக்கு மனத்தில் ஓர் இடம் அமைத்துவிட்டு வாழ்க்கையைத் தொடரலாம் என்பது திருத்திய கருத்து. படத்திற்கு விளக்கேற்றித் திதி கொடுக்கும் நம் பாட்டிமாருக்கு இது புதுச்செய்தி அன்று. ஆகவே நாகபுரி அன்பரிடம், தாயாரின் நினைவாக இங்கே என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று ஆலோசகர் கேட்கிறார். தாயார் வைக்கும் வற்றற்குழம்பை அவர் கைப்பக்குவப்படி ஞாயிறுதோறும் வைப்பதும் விடையாகலாம்.

அந்த அன்பர் ஒரு நாள் நண்பர்களோடு சிரித்துப் பேசிவிட்டு, இரவில், "தாயை மறந்து சிரித்தேனே" என்று குமுறக்கூடும். இதற்கும் ஆலோசகரிடம் விடை உண்டு. மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷுட்டும் 1999-இல் விளக்கியபடி, துயருற்ற மனம் இழப்பை நோக்கியும் அன்றாட வாழ்வை நோக்கியும் மாறி மாறிச் செல்கிறது. அழுவது போலவே அழுகையிலிருந்து சற்று ஓய்வதும் இயற்கை.

மொழியும் ஒரு செய்தி. நாள் முழுதும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேசுபவர், தாயாரின் மரணத்தையும் அம்மொழியிலேயே சொல்லும்போது, பிறர் கதைபோல் வறட்சியாகச் சொல்லிவிடுகிறார். கடைசியாக அவரோடு பேசிய சொற்களைத் தாய்மொழியில் சொல்லும்படி, தமிழறியாத ஆலோசகரும் கேட்கலாம்; பொருளைப் பிறகு விளக்கினால் போதும்.

சாவு மட்டுமே இழப்பு அன்று. முப்பது ஆண்டு குடியிருந்த ரயில்வே குடியிருப்பை ஓய்வு பெற்றதும் காலி செய்கிறவரும், மகன் வெளிநாடு சென்றபின் வெறிச்சோடிய வீட்டில் இருப்பவரும் ஒருவகைத் துக்கம் காக்கின்றனர். அவரை விசாரிக்க எவரும் வருவதில்லை. வாழ்த்தி மாலையிட்டுப் போய்விடுகிறார்கள்.

சிலருக்கு நாள் செல்லச் செல்லத் துயரின் கூர்மை மழுங்குவதில்லை. ஆறு மாதத்திற்கு மேலும், அவரவர் சமூக வழக்கம் எதிர்பார்ப்பதை மிஞ்சியும், தீராத ஏக்கம் நீடித்து அன்றாட அலுவல்களைக் கெடுக்குமாயின், உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்குக் கொணர்ந்த நோய்ப் பட்டியல் அதனை ஒரு நோயாகவே குறிக்கிறது. அதற்குச் சிகிச்சை உண்டு. இறந்தவரோடு தாமும் போய்விட வேண்டும் என்ற எண்ணம் எழுந்தாலோ ஆறு மாதம் காத்திருத்தல் கூடாது. அன்றே உதவி நாட வேண்டும். இந்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸ் என்னும் இலவசத் தொலைபேசிச் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும், எந்த மாநிலத்திலிருந்தும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.