ஒற்றைப் படுக்கை

வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் இல்லம் தேடிச் சென்று பேணிவரும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய சுகாதாரப் பணிக்கு மூலம், 1900-ஆம் ஆண்டில் டாக்டர் ஐடா ஸ்கடர் வேலூரிலே ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சின்னஞ்சிறு மருத்துவசாலையே.

திண்டிவனத்தில், அன்னிய ஆடவர் ஸ்பரிசிக்கலாகாது என்ற வழக்கம் காரணமாக ஐடாவின் தந்தையாகிய மருத்துவரின் உதவியைக் குடும்பத்தார் மறுக்க, மூன்று பெண்கள் ஒரே இரவில் பிரசவ வேதனையில் மாண்டனர் என்ற செய்தியே அந்த யுவதியை வைத்தியம் கற்க அனுப்பியது. தேவையோ சமுத்திரம், கையிலிருந்ததோ ஒரு படுக்கை. ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் எண்ணிப் பார்த்து இயேசுவின் சீடர்கள் கலங்கிய அதே இடத்தில்தான் அவரும் நின்றார். ஆயினும், இல்லாததைக் கணக்கிட்டுச் சோர்வதை விடுத்து, இருப்பதைக் கர்த்தரின் கரத்தில் ஒப்புவித்துப் பணியைத் தொடங்கிவிட்டார். இந்த விசுவாசம் சோம்பலுக்குச் சொல்லும் சமாதானமன்று. உழைப்பின் ஊற்று என்றே நான் கருதுகிறேன்.

நியூயார்க் வங்கியாளர் ஷெல், காலமான தம் மனைவியின் நினைவாக வழங்கிய 10,000 டாலரால் 1902-இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டபோது, யார் வந்து படிக்கப்போகிறார்கள் என்று ஐயுற்றோர் வியக்கும்படி, இடமின்றிப் பலரைத் திருப்பியனுப்ப நேரும் அளவுக்கு விண்ணப்பங்கள் வந்து குவிந்தன.